அமைதியானவர் அமரும் பெஞ்சு

கடலோர மகிழ்ச்சி மேம்பாட்டு வாரியத்துக்கு அந்த வருடம் ஒரு காட்சி குறைந்துபோனது. ‘நகரில் காண வேண்டியவை இருபத்தைந்து’ என்று பலகை எழுதி, ஊரின் எல்லா முனைகளிலும் நட்டு, பெயின்ட் காய்ந்த பிறகுதான் யாரோ எண்ணிப் பார்த்தார்கள். இருபத்து நாலுதான் தேறியது. பலகையைத் திருத்துவதா, காட்சியைக் கண்டுபிடிப்பதா என்று வாரியம் கூடி விவாதித்தது. பலகையைத் திருத்த மூன்று இலாகாக்களின் ஒப்புதல் வேண்டும். காட்சியைக் கண்டுபிடிக்க ஒரு கேமரா போதும்.

இருந்த இருபத்து நாலும் லேசுப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. துறைமுகத்து மணிக்கூண்டு எப்போதோ நின்றுவிட்டது. வாரியத்தின் கையேடு அதை, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு நேரத்தை விடாமல் காட்டிவரும் கடிகாரம்’ என்று வர்ணித்தது. கிளிஞ்சல் காட்சியகம் பராமரிப்புக்காக மூடிக் கிடந்தது. மூடியிருக்கிறது என்கிற அறிவிப்பைப் பராமரிக்க அங்கே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். ஒன்பதாவது காட்சி, எட்டாவது காட்சிக்குப் போகும் வழி. பதினாலாவது, வாரியத் தலைவர் திறந்துவைத்த ஒரு கல்வெட்டு. எதைத் திறந்துவைத்தார் என்பது மட்டும் கல்வெட்டில் இல்லை.

இந்த விவகாரம் எதுவும் ஜெராக்ஸ்காரருக்குத் தெரியாது.

நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் அவருடைய கடை. ஊரார் பிறந்ததற்கும் செத்ததற்கும் சான்றிதழ் நகல் எடுத்துக் கொடுத்தே சொந்தப் பெயர் அழிந்து ஜெராக்ஸ்காரர் ஆகிவிட்டவர். ஐம்பதைத் தாண்டிய, குட்டையான, யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவைக்கிற மனுஷர். நாள் முழுக்க மெஷின் போடுகிற சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேச்சைக் குறைத்துக்கொண்டவர், கடையைப் பூட்டிய பிறகு அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள மறந்துவிட்டார். அவருடைய மனைவி பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அந்த அம்மாள் சாதாரணக் குரலில் ‘ஊசியைக் கீழே வை’ என்று சொன்னால், பக்கத்து வகுப்பில் கணக்குப் போடுகிற பிள்ளைகளும் பேனாவைக் கீழே வைக்கும். வீட்டில் பேசுவது அவள் பொறுப்பு, கேட்டுக்கொள்வது இவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில் அமைந்த இந்த ஏற்பாட்டில் இருவருமே சௌகரியமாகத்தான் இருந்தார்கள்.

ஒரே பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அவள் போன கொஞ்ச நாளிலேயே ஜெராக்ஸ்காரர் ஒரு காரியம் செய்தார். கடையில் இடம் போதவில்லை என்று வெள்ளைப் பேப்பர் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பெண்ணின் அறையில் கட்டில் மேலும், கட்டிலுக்கு அடியிலும், அவள் படித்த மேஜை மேலும் அடுக்கிவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளி விட்டு வந்த டீச்சர் அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அன்று நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான். ‘இந்த வீட்டில் பசிக்கிறவர்களுக்கு மேஜையில் சாப்பாடு இருக்கிறது’ என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அதற்கு மேல் சுவரிடமும் பேச்சில்லை.

பேசுகிற மனுஷி பேசாமல் இருக்கிற வீட்டுக்குச் சீக்கிரம் போக யாருக்கு மனசு வரும். ஜெராக்ஸ்காரர் கடையைப் பூட்டியதும் நேரே கடற்கரைக்குப் போய் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். பார்வை தண்ணீர் மேல் இருக்கும். நினைப்பெல்லாம், வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதில் இருக்கும். தினமும் ஒரு வாக்கியத்தைப் பாதி வரை கட்டுவார், மீதி அகப்படாது. இருட்டியதும் எழுந்து போவார். அப்படி ஒரு பாதி வாக்கியத்தில் அவர் சிக்கியிருந்த நேரத்தில்தான் வாரியத்தின் கேமரா அந்தப் பக்கம் வந்தது.

அவருக்கு அது தெரியவந்த விதம்தான் விசேஷம். வாரியத்துப் பியூன் ஒருவர் கடைக்கு வந்து, அச்சகத்தில் தாமதமாகிறது என்று ஒரு காகிதத்தை நீட்டி, கட்டுக் கட்டாக நகல் கேட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. எவனோ ஒருத்தன் நம்ம சட்டை மாதிரியே போட்டிருக்கிறானே என்று முதலில் நினைத்தார் ஜெராக்ஸ்காரர். ஒரு கட்டுப் பேப்பர் தீர்ந்து அடுத்ததைப் பிரிக்கும்போதுதான் சட்டைக்குள் இருப்பதும் தாமே என்று உறைத்தது. படத்துக்குக் கீழே, ‘காட்சி 25: அமைதி. மாலையில் மட்டும்’ என்று போட்டிருந்தது. அவர் மெஷினை நிறுத்தவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுவது அவருக்குப் பழக்கமில்லை. தன்னைத்தானே அத்தனை தடவை நகல் எடுத்து, அடுக்கி, நூல் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பேந்தப் பேந்த விழித்தார்.

மறுநாள் போனால் பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில், கழுத்தில் விசிலும் கையில் குடையுமாக ஒரு காட்சி அதிகாரி நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் விசில் கொடுக்கப்பட்டவர். பெஞ்சு இனி காட்சியின் உடைமை, பொதுமக்கள் உட்காரக் கூடாது என்றார். ஜெராக்ஸ்காரர் சரி என்று திரும்பப் பார்த்தார். நீங்கள்தான் காட்சி, நீங்கள் போகவும் கூடாது என்றார் அதிகாரி.

“நான் ஒத்துக்கவே இல்லீங்களே” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“கலங்கரை விளக்கம் ஒத்துக்கிச்சா? அதுபாட்டுக்கு நிக்கல?”

திரும்பிப் போனால் வீட்டில் சுவர் காத்துக்கொண்டிருக்கிறது. ஜெராக்ஸ்காரர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அதிகாரி கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார்.

காட்சியாகச் சேர்ந்தவர்கள் தலைவரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. இதுவரை சேர்ந்தவை எல்லாம் கட்டடங்களாக இருந்ததால் அந்த விதி தூங்கிக்கொண்டிருந்தது. முதன்முதலாக நடக்கத் தெரிந்த காட்சி ஒன்று கிடைத்ததும் அதை எழுப்பினார்கள். தலைவரின் அறையில், நீளமான மேஜை மேல் முழு நகரத்தையும் தெர்மாகோலில் செய்து வைத்திருந்தார்கள். தலைவர் அதைச் சுற்றி நடந்தபடியே பேசுகிறவர்.

“ஜனங்க நம்ம ஊருக்கு எதுக்கு வர்றாங்க? பார்க்க வர்றாங்க. பார்த்துட்டு என்ன செய்றாங்க? போயிடறாங்க. அதைத்தான் நாங்க வளர்ச்சின்னு சொல்றோம்” என்றார். “நான் இந்தத் துறைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு நாள்கூட அமைதியா இருந்ததில்ல. அதனால அமைதியைப் பத்தி என்னை விடத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. சொல்லுங்க, உட்கார்ந்திருக்கும்போது என்ன யோசிக்கிறீங்க?”

வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்றுதான் யோசிப்பதாக ஜெராக்ஸ்காரர் உள்ளதைச் சொன்னார். தலைவர் பல்வலி வந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அது வேணாம். நிலையாமைன்னு வெச்சுக்கலாம்.”

அன்றிலிருந்து அவர் நிலையாமையை யோசிப்பதாகக் கையேட்டில் ஏறியது.

அடுத்ததாக அமைதிப் பயிற்சி. அதைக் கற்றுத்தர வாரியத்தில் ஆள் இல்லை. தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவரைக் கடனாக வாங்கினார்கள். அவர் வந்து காதருகில் சைரனை ஊதுவார். ஜெராக்ஸ்காரர் நிலையாமையை யோசித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அசையாமல்தான் இருந்தார். இருபது வருஷமாக மெஷின் பக்கத்தில் நின்ற காது அது. பயிற்சியாளர் மலைத்துப்போய் முதல் வகுப்பில் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு சட்டை. படத்தில் இருக்கிற சட்டையையே தினமும் போட வேண்டும், துவைத்துக் காய வேண்டாமா என்று யோசித்து, அதைப் போலவே மூன்று தைத்துக் கொடுத்தார்கள். பாக்கெட்டில் இருந்த மைக்கறையைக் கூட விடாமல் மூன்றிலும் வைத்திருந்தார்கள். படத்தில் அறுந்திருந்த இரண்டாவது பொத்தானும் மூன்றிலும் இல்லை. எல்லாவற்றையும் காப்பியடித்தவர்களுக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது மட்டும் பிடிபடவில்லை. துவைக்கப் போட்ட சட்டையை எடுத்துப் பார்த்த தையல் டீச்சர், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘எவளோ ஒருத்தி தைத்துக் கொடுத்திருக்கிறாள், காஜா எடுக்கத் தெரியவில்லை’ என்று சுவரிடம் சொன்னாள். வாரியம் என்று சொல்லலாமென ஜெராக்ஸ்காரர் வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பித்தாலும் நம்பும்படியாக இல்லை என்பதால் மூடிக்கொண்டார்.

கூட்டம் வர ஆரம்பித்தது. கூடவே புகாரும் வந்தது. டிக்கெட் வாங்கி வந்தால் முதுகுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றார்கள். வாரியம் உடனே ஒரு கிரேனை வரவழைத்து, பெஞ்சைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டது. இப்போது முகம் கூட்டத்துக்கு, முதுகு கடலுக்கு. கையேட்டில் ‘கடலையே பார்த்தபடி’ என்று இருக்கிறதே என்று ஜெராக்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார். கடல் பின்னால் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமில்லையா, அது போதும் என்றார் அதிகாரி. அதன் பிறகு அவர் பார்த்ததெல்லாம் கார் நிறுத்துகிற இடத்தைத்தான். ஒருவர் வெகுநேரம் காரைப் பின்னுக்கு எடுக்கத் திணறுவார். பக்கத்தில் இருக்கும் மனைவி சொல்லிக்கொடுப்பார். அவர் கேட்க மாட்டார். நிலையாமையை விட அது கவனிக்கும்படியாக இருந்தது.

இப்படியே ஓய்வு வயது வரை உட்கார்ந்திருப்பார். பள்ளிக் கல்வித்துறை குறுக்கே வந்தது. எல்லாப் பள்ளிகளும் மாணவர்களை இருபத்தைந்து காட்சிகளுக்கும் கட்டாயம் அழைத்துப்போக வேண்டும் என்று உத்தரவு. பெண்கள் பள்ளியில் ஒரு வகுப்புக்குத் துணையாக, உடம்பு சரியில்லாத சரித்திர டீச்சருக்குப் பதில் தையல் டீச்சரை அனுப்பினார்கள். வெயிலில் இருபத்து நாலு காட்சிகளையும் நடந்து பார்த்து, நின்ற மணிக்கூண்டையும் மூடிய கதவுகளையும் பார்த்து, செருப்பு கடித்த காலோடு அவள் கடைசியாக அங்கே வந்து சேர்ந்தாள். வரிசையின் கடைசியில் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

முன்னால் வழிகாட்டி மனப்பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். இவருக்குக் கவலை என்றால் என்னவென்றே தெரியாது, இவருடைய குடும்பமே அமைதியான குடும்பம் என்றான். எண்ணிக்கை தப்பிப்போய் டீச்சர் தலையைத் தூக்கினாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், காஜா கோணிய சட்டையில், கார்களைப் பார்த்துக்கொண்டு அவள் புருஷன்.

“குடும்பம் அமைதின்னு உங்ககிட்ட யார் சொன்னா?” என்று கேட்டாள்.

கையேட்டில் இருக்கிறது என்றான் வழிகாட்டி. டீச்சர் கைப்பையை மணலில் வைத்துவிட்டுக் கயிற்றருகே வந்தாள்.

“கவலையே இல்லையா உங்களுக்கு? வீட்ல ஒருத்தி வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்கா. ஏன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டீங்களா? இங்க வந்து கார் நிக்கற இடத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அதுக்கு டிக்கெட் வேற.”

ஜெராக்ஸ்காரர் வாயைத் திறந்தார். காட்சி அதிகாரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். காட்சிகள் பேசக் கூடாது. ஜெராக்ஸ்காரர் மென்று விழுங்கினார். அதைப் பார்த்ததும் டீச்சருக்கு இன்னும் ஏறியது. பாருங்கள், இங்கேயும் பதில் கிடையாது என்று கூட்டத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். பிறகு வாங்கு வாங்கென்று வாங்கினாள். சம்பந்தி வீட்டார் வந்த அன்று கடையைப் பூட்ட மறந்தேன் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியது, அலமாரியைக் கோணலாக அடித்துவிட்டு வீடுதான் கோணல் என்று சொன்னது, அவள் ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சிக்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு பழைய பத்திரிகையை வைத்துவிட்டுப் போனது. கடைசியில் அந்தச் சட்டையைத் தைத்தது யார் என்று கேட்டாள். வாரியம் மேடம் என்றான் வழிகாட்டி, நடுக்கத்தோடு. டீச்சரின் முகத்தில் ஏதோ இளகியது. வாரியத்துக்குத் தைக்கத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் கை தட்டின. கூடவே டிக்கெட் வாங்கியவர்களும் தட்டினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி வேலை போயிற்று என்றே முடிவு கட்டிக்கொண்டு வாரியக் கூட்டத்துக்குப் போனார். அங்கே தலைவர் மலர்ந்த முகத்தோடு தெர்மாகோல் நகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து காட்சிகளிலும் ஜனங்கள் கை தட்டியது இதற்கு மட்டும்தான் என்று தகவல் வந்திருந்தது.

“அமைதி இருக்கே, அது ஒரே இடத்துல நிக்கும். சண்டை அப்படி இல்ல, வளரும்” என்றார் தலைவர். “நாம மேம்பாட்டு வாரியம். நமக்கு எது பொருத்தம்னு நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் அதையே சொன்னார்கள். இருபத்தைந்தாவது காட்சிக்கு ‘உள்ளூர் இல்லறம், நேரடி அனுபவம்’ என்று பெயர் மாறியது. தையல் டீச்சர் தினமும் மாலையில் வந்து கணவரைத் திட்ட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

இதை அவளிடம் போய்ச் சொல்கிற வேலை அதிகாரி தலையில் விழுந்தது. திட்டு தமக்கும் விழும் என்று வாசலிலேயே செருப்பை மாட்டியபடி நின்று சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“அங்க பேசினா அது வேலைதானே? வீட்ல பேசின கணக்குல வராதுல்ல?”

சுத்தமாக வேலை மட்டும்தான் என்று அதிகாரி உறுதி சொன்னார்.

“அப்ப சரி” என்றாள். மனசுக்குள் எடுத்த சபதமும் கெடாது. சொல்ல வேண்டியதும் நிறைய மிச்சம் இருந்தது. பதில் பேசாத ஆளைத் திட்டுவது சுவரைத் திட்டுவது மாதிரி, அதை வீட்டிலேயே செய்து பார்த்தாயிற்று, ஆகவே அவரும் பேச வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாள். வாரியம் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஜெராக்ஸ்காரருக்கு மூன்று பதில்களை அனுமதித்தது. ‘ஆமா’, ‘இல்ல’, ‘சரிம்மா’.

காட்சி பிய்த்துக்கொண்டு போனது. மாலையானால் இருவரும் வீட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வருவார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்து பொரிந்து தள்ளுவார்கள், அதாவது அவள் தள்ளுவாள். முடிந்ததும் மறுபடி வாயை மூடிக்கொண்டு ஒன்றாக வீடு போய்ச் சேருவார்கள். வாரியம் ஒலிபெருக்கி வைத்தது. கை ஓங்கியதைப் படம் எடுக்க முடியவில்லை, இன்னொரு தடவை ஓங்குங்கள் என்று கேட்பதற்கு ஓர் ஆளைப் போட்டது. சண்டை வெறும் சண்டையாக இருந்தால் நகரத்துக்கு என்ன லாபம் என்று துணைக்குழு ஒன்று கேட்டதன்பேரில், ‘துறைமுகத்து மணிக்கூண்டு மாதிரி நின்னுட்டீங்களே’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்கள். சொன்னதும் வழிகாட்டி, அது மூன்றாவது காட்சி, இங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்பான்.

டீச்சர் அந்த வரியை மறக்காமல் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் கடைக்கண்ணால் ஜெராக்ஸ்காரரைப் பார்ப்பதையும், அவர் உதட்டைக் கடித்துக்கொள்வதையும் அதிகாரி கவனித்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது.

எவ்வளவு பெரிய குறைப் பட்டியலுக்கும் ஒரு முடிவு உண்டு. ஒரு நாள் காற்று பலமாக அடித்தது; மணல் கண்ணில் விழுந்ததால் கூட்டமும் குறைவு. டீச்சர் அலமாரியையும் ஜுரத்தையும் முடித்துவிட்டாள். மணிக்கூண்டையும் சொல்லியாயிற்று. இனி ஒன்றுதான் பாக்கி. அதற்குக் குரலைத் தூக்க அவளால் முடியவில்லை.

“அந்த ரூமை ஏன் அப்படிப் பண்ணீங்க?”

மெதுவாகத்தான் கேட்டாள். ஒலிபெருக்கி அதைக் கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் கொண்டுபோனது. ஜெராக்ஸ்காரர் தனக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று பதில்களையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

“காலியா இருந்துச்சு” என்றார். “தண்ணி குடிக்க எழுந்தா அந்த வாசலைத் தாண்டித்தானே போகணும். வெறும் கட்டிலைப் பார்க்க முடியல. பேப்பரை அடுக்கிட்டா, அதுவும் கடைதான்னு நெனச்சுக்கிட்டுப் போயிடலாம்.”

டீச்சர் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டா அழுவியோன்னு பயம்.”

“கேக்கலேன்னா அழ மாட்டேனா?”

“நீ அழுததே எனக்குத் தெரியாதே.”

“அந்தக் கட்டு மேல உக்காந்துதான் அழுதேன். நீங்க கடைக்குப் போனதுக்கு அப்புறம்.”

காற்றில் ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. இத்தனை வாரம் பாதியிலேயே நின்ற வாக்கியத்தின் மீதி இவ்வளவுதானா என்று ஜெராக்ஸ்காரருக்கு வியப்பாக இருந்தது. அது தானாகவே வந்துவிட்டிருந்தது. டீச்சர் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி விசிலை ஊதினார். அவர்கள் திரும்பவில்லை. இன்னொரு தடவை ஊதினார். சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று பின்வரிசையில் ஒரு குடும்பம் கேட்டது. இன்னொரு குடும்பம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கவுன்டருக்கே போய்விட்டது.

வாரியம் விசாரணை வைத்தது. குற்றச்சாட்டு ஒரே வரி: பணி நேரத்தில் சமாதானமானது. தலைவர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு மேலான ஒரு வருத்தத்தில் இருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்க. சந்தோஷம். வாரியத்தோட நிலைமையை யோசிச்சீங்களா?” என்றார். “ஒரு பிரச்சினையை நல்லபடியா காட்டறதுக்கு எத்தனை பேர் உழைக்கிறோம். ஒலிபெருக்கிக்கு ஒருத்தர், விசிலுக்கு ஒருத்தர், துணைக்குழுவுல ஆறு பேர். நீங்கபாட்டுக்கு உக்காந்து பேசித் தீர்த்துட்டா எங்க உழைப்புக்கு என்ன மரியாதை? பிரச்சினையைத் தீர்க்கறது எங்க வேலை இல்லீங்க. அது எங்க வேலையா இருந்திருந்தா நான் இந்தப் பதவிக்கே வந்திருக்க மாட்டேன்.”

அறையில் இருந்தவர்கள் இதைக் கேட்டு நெகிழ்ந்தார்கள். இரக்கத்தின்பேரில் ஒரு கடைசி வாய்ப்பும் தரப்பட்டது. இப்போதே, இங்கேயே, குழுவின் முன்னால் ஒரு சண்டை போட்டுக் காட்ட வேண்டும். டீச்சர் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஜெராக்ஸ்காரர் விதிப்படி ‘சரிம்மா’ என்றார். அவ்வளவுதான், டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். அதைப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தெர்மாகோல் நகரத்தின் மேல் சாய்ந்து, கலங்கரை விளக்கத்தை ஒடித்துவிட்டார். காட்சியின் தரத்துக்கு ஒவ்வாதவர்கள் என்று எழுதி இருவரையும் நீக்கினார்கள். மூன்று சட்டைகளையும் துவைத்துத் திருப்பித்தர வேண்டும் என்று உத்தரவு. டீச்சர் காஜாவைப் பிரித்துச் சரியாக எடுத்துவிட்டுத்தான் அனுப்பினாள். மட்டமான வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

அந்த வாரமே பெண் போனில் கூப்பிட்டாள். அம்மாவும் அப்பாவும் சண்டை போடுகிற படம் அவள் ஊர் வரைக்கும் வந்துவிட்டதாம். எல்லோரும் கேட்கிறார்களாம். வெட்கமாகவும் இருக்கிறது, பார்க்கவும் ஆசையாக இருக்கிறது, அதனால் அவளும் மாப்பிள்ளையும் இந்தச் சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்துவிட்டார்களாம், நாலு டிக்கெட் எடுத்தால் சலுகை என்பதால் நாலாகவே எடுத்துவிட்டார்களாம். தங்களை நீக்கிவிட்டார்கள் என்று டீச்சர் சொல்லவில்லை. சொன்னால் வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது. போனை வைத்ததும் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கட்டாக இருவரும் சேர்ந்து தூக்கி வண்டிக்குக் கொண்டுபோனார்கள். அவள் மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே தூக்கினாள். விட்டுப்போன பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினாள். அவரும் நடுநடுவே, மூன்றுக்கு மேற்பட்ட பதில்கள் சொன்னார்.

சனிக்கிழமை, நீக்கிய விஷயத்தை வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, நாலு பேரும் போனார்கள். எடுத்த டிக்கெட்டை வாரியம் திரும்பப் பெறாது. பெஞ்சில் புதிதாக ஒரு ஜோடி இருந்தது. நாடகக் கம்பெனிக்காரர்கள், பயிற்சி பெற்றவர்கள். அந்த ஆள் உயரமாக, சிவப்பாக, ஜெராக்ஸ்காரரின் சட்டையில் திணறிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அழுகை அழுதாள். பெண் ஒன்றும் தெரியாதவள் போல, இவர்கள்தானா அசல் ஜோடி என்று வழிகாட்டியைக் கேட்டாள்.

“அசலுக்குச் சரியாச் சண்டை போடத் தெரியலன்னு எடுத்துட்டாங்க மேடம். இவங்கதான் அங்கீகாரம் பெற்றவங்க” என்றான் அவன், பின்னால் நின்ற அசலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மணிக்கூண்டு வரி வந்தது. அந்த நடிகை அதற்கும் அழுதாள். டீச்சர் கணவர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நான் இப்படியா திட்டினேன்?”

ஜெராக்ஸ்காரர் யோசித்தார். அவசரப்படவில்லை.

“இல்ல. நீ இதைவிட நல்லாத் திட்டுவ.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அதிகாரி விசில் ஊதி, பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது என்று பலகையைக் காட்டினார். காட்டியபோது அவர்களை அடையாளம் தெரிந்துகொண்டு அசடு வழிந்தார். டீச்சர் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசையை விட்டு விலகி, பெஞ்சையும் கயிற்றையும் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். ஜெராக்ஸ்காரரும் செருப்பைக் கழற்றினார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். ஈர மணல் காலுக்கு ஜில்லென்று இருந்தது.

வழிகாட்டி பதறிப்போய்க் கொஞ்ச தூரம் ஓடிவந்தான். கடமை தவறாத பிள்ளை. நின்று, கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை புரட்டிப் பார்த்தான். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் புரட்டினான். அதற்குள் நாலு பேரும் கணுக்காலளவு தண்ணீரில் இறங்கியிருந்தார்கள்.

“சார், அந்தப் பக்கம் போகாதீங்க” என்று அலைக்கு மேல் குரல் கொடுத்தான். “அங்க பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.”